ஹார்ட்ஃபோர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேஜை

1873ஆம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். நீண்ட அங்கியும் முதுகில் தொங்கும் ஒற்றைச் சடையுமாகச் சீனச் சிறுவர்கள் காத்திருக்கிறார்கள். யார் எந்த வீட்டில் தங்கி வளர வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. வாடகைக் குதிரை வண்டியில் ஓர் அம்மாள் வந்து இறங்குகிறார். அவருக்கு உரிய பையனைக் காட்டுகிறார்கள். அவர் நேராக வந்து அவனைச் சேர்த்து அணைத்து முத்தமிடுகிறார். மற்றப் பையன்கள் கொல்லென்று சிரித்துவிடுகிறார்கள். அவன் கூச்சத்தைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறான்.

அந்தப் பையனின் பெயர் யான் ஃபூ லீ. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1887இல், சீனாவில் கழிந்த தன் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியபோது இந்தக் காட்சியை மறக்காமல் அதில் சேர்த்தார். கைக்குழந்தைப் பருவம் கடந்தபின் தனக்குக் கிடைத்த முதல் முத்தம் அதுதான் என்றார். வந்த சில நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘சண்டே ஸ்கூல்’ போகலாம் என்று வீட்டார் சொல்கிறார்கள். ‘ஸ்கூல்’ என்ற சொல் மட்டும் பிடிபடுகிறது. பையன்கள் புத்தகங்களோடு கிளம்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடம் தேவாலயம் என்று தெரிந்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் வழக்கம் இன்று ‘ஹோம்ஸ்டே’ என்ற பெயரில் உலகெங்கும் இருக்கிறது. விமானம் ஏறும் பிள்ளைக்கு அந்த வீட்டின் படம், அங்கே இருப்பவர்களின் பெயர், வளர்க்கும் நாயின் பெயர் வரை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் வட்டாரத்தில், மொழி சரியாகப் புரியாமல் வந்து இறங்கிய ஆசியப் பிள்ளைகளைச் சில குடும்பங்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டன. பின்னாளில் சீனாவுக்கு ரயில் பாதை போட்டவர், அயலுறவு அமைச்சரானவர், ஜப்பானில் பெண்கள் கல்லூரிக்கு வித்திட்டவர் என்று அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அவர்களுக்குத் தினமும் மூன்று வேளை தட்டு வைத்த பெண்களுக்கு அந்த வரலாற்றில் கிடைத்த இடம் மிகச் சிறியது. பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இந்தக் கதைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1841இல் புயலில் சிக்கிய ஜப்பானிய மீனவர் ஐவர் ஆளில்லாத ஒரு தீவில் ஒதுங்கினார்கள். ‘ஜான் ஹௌலண்ட்’ என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களை மீட்டது. அவர்களில் இளையவன் மன்ஜிரோ, பதினான்கு வயது. கப்பல் தலைவர் வில்லியம் விட்ஃபீல்டு அவனை 1843இல் மாசசூசெட்ஸில் இருந்த தன் ஊரான ஃபேர்ஹேவனுக்கு அழைத்துவந்து பள்ளியில் சேர்த்தார். தேவாலயத்தில் விட்ஃபீல்டு குடும்பத்தோடு அந்தப் பையன் உட்காருவதற்குச் சிலர் மறுப்புச் சொன்னபோது, அவர் அந்தத் தேவாலயத்தையே விட்டு வேறொன்றுக்கு மாறினார். வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட பிள்ளையை வெளியேயும் விட்டுக்கொடுக்கவில்லை.

சீனப் பிள்ளைகளின் வருகைக்குக் காரணமானவர் யுங் விங். மக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் 1828இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1847 ஜனவரியில் ‘ஹன்ட்ரஸ்’ என்ற பாய்மரக் கப்பலில் இன்னும் இரண்டு பையன்களோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். கப்பலில் ஏற்றியிருந்த சரக்கு தேயிலை. நியூயார்க் போய்ச் சேர 98 நாட்கள் ஆயின. மூவரையும் அழைத்துச் சென்ற ஆசிரியர் சாமுவேல் பிரவுன், மாசசூசெட்ஸின் மான்சன் ஊரில் தன் தாயார் ஃபீபி பிரவுனின் கவனிப்பில் விட்டார். தங்கவும் சாப்பிடவும் வாரத்துக்கு ஒன்றேகால் டாலர். விறகை அவர்களே அறுத்துப் பிளந்துகொள்ள வேண்டும். தங்கிய இடத்துக்கும் பள்ளிக்கும் அரை மைல். மூன்றடிப் பனியில் ஒரு நாளைக்கு மூன்று முறை நடந்து போய்வந்ததில் நன்றாகப் பசி எடுத்தது என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

யேல் கல்லூரியில் படித்தபோது கையில் காசு இல்லை. அங்கே மாணவர்கள் கூட்டாக நடத்திய சாப்பாட்டுக் குழு ஒன்றின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவதும் மேஜையில் பரிமாறுவதும் அவர் வேலை. கூலியாக அவருக்கும் அங்கே சாப்பாடு. பரிமாறியே படித்த அந்த மாணவர் 1854இல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் சீனர் அவர்தான்.

தனக்குக் கிடைத்தது தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிடவே இல்லை. ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் அலைந்தபின் செங் குவோஃபான், லி ஹோங்ஜாங் என்ற இரண்டு பெரும் அதிகாரிகளின் ஆதரவு கிடைத்தது. 1871இல் அரசு இசைந்தது. ஆண்டுக்கு முப்பது பேராக நான்கு ஆண்டுகளில் 120 பிள்ளைகளை அனுப்புவது, ஒவ்வொருவரும் பதினைந்து ஆண்டுகள் அங்கே படிப்பது, செலவு முழுதும் அரசுடையது என்பது திட்டம். பெற்றோர் முதலில் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பிள்ளைக்கு நோய் வந்தாலோ உயிருக்கு ஏதாவது நேர்ந்தாலோ அது விதிவசம், அரசைக் கேட்பதில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். ஜான் தியன்யூ என்ற பதினொரு வயதுப் பையனுக்காக அவன் தந்தை எழுதிக்கொடுத்த பத்திரம் இன்றும் பேசப்படுகிறது.

முதல் முப்பது பேர் 1872 ஆகஸ்டில் ஷாங்காயிலிருந்து கப்பல் ஏறினார்கள். இத்தனை பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது? கனெக்டிகட் மாநிலக் கல்வித் துறையில் இருந்த பேர்ட்சி நார்த்ராப் ஒரு யோசனை சொன்னார். எல்லோரையும் ஒரே விடுதியில் போட்டால் தங்களுக்குள் சீனத்திலேயே பேசிக்கொண்டிருப்பார்கள்; வீட்டுக்கு இரண்டு பேர், நான்கு பேர் என்று குடும்பங்களில் பிரித்துவிட்டால் பேச்சும் பழக்கமும் தானாக வரும், பிறகு பள்ளியில் சேர்க்கலாம். கனெக்டிகட் ஆற்றங்கரை ஊர்களில் ஆசிரியர்கள், போதகர்கள், மருத்துவர்கள் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள முன்வந்தார்கள்.

இனி மேஜைக்கு வரலாம்.

அந்தப் பிள்ளைகளில் பலர் பிறந்த குவாங்டங் மாகாணத்து வீட்டில் இறைச்சியும் காய்கறியும் அடுக்களையிலேயே துண்டுதுண்டாக நறுக்கப்பட்டுவிடும். மேஜையில் கத்திக்கு வேலை இல்லை. ஆளுக்கொரு கிண்ணம் சோறு, நடுவில் எல்லோருக்கும் பொதுவான கறிவகைகள், கையில் இரண்டு குச்சிகள். நியூ இங்கிலாந்து வீட்டிலோ சமையலின் பாதி மேஜையில்தான் நடந்தது. முழுசாகச் சுட்ட இறைச்சி ஒரு தட்டில் வரும். வீட்டுத் தலைவர் எழுந்து நின்று நீளக் கத்தியால் அதை அரிந்து ஒவ்வொருவர் தட்டிலும் வைப்பார். அதற்குமுன் எல்லோரும் தலைகுனிந்து ஜெபம். ஒரு கையில் கத்தி, மறு கையில் முள்கரண்டி. பதினொரு வயதுப் பையன் எழுதப் பழகியதுபோல இதையும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

பால், வெண்ணெய், சீஸ் மூன்றும் அந்தப் பிள்ளைகளின் ஊர்ச் சமையலில் ஏறக்குறைய இல்லாதவை. இங்கே ரொட்டியில் வெண்ணெய், உருளைக்கிழங்கில் வெண்ணெய், பாலுக்குத் தனிக் கோப்பை. தேநீர் அவர்கள் ஊரிலிருந்து கப்பலேறி வந்த பண்டம். அதிலும் பாலும் சர்க்கரையும் கலந்திருந்தன. சோற்றுக்கு ஏங்கியிருந்த பிள்ளையின் முன் அரிசி வந்ததும் உண்டு, வேறொரு வேடத்தில். பாலும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பில் வைத்துத் திரட்டிய இனிப்பாக, சாப்பாடு முடிந்தபிறகு வந்தது. பால் பாயசம் குடித்து வளர்ந்த நமக்கு அதில் விந்தை இல்லை. உப்பில்லாத வெறுஞ்சோற்றைப் பக்குவம் பார்த்துச் சாப்பிடும் குவாங்டங் பிள்ளைக்கு அரிசியில் சர்க்கரையும் பாலும் சேர்ந்த அந்தக் கலவை எப்படி இருந்திருக்கும்!

சனிக்கிழமை ராத்திரி என்றால் அந்த வட்டாரம் முழுவதும் ஒரே மணம். ஞாயிறு ஓய்வு நாள், அன்று அடுப்பு வேலை கூடாது என்பது அங்கே குடியேறிய தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் பழைய கட்டுப்பாடு. அதனால் வெள்ளை பீன்ஸ் விதைகளை முன்னாள் இரவே ஊறவைப்பார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டும் மொலாசஸ் என்கிற கரும்புப் பாகும் சேர்த்து, வாய் குறுகிய மண்பானையில் மூடி, செங்கல் அடுப்பில் நாள் முழுவதும் மெல்லிய சூட்டில் வைப்பார்கள். கரும்புப் பாகு மேற்கிந்தியத் தீவுகளோடு நடந்த வணிகத்தில் வந்தது. கூடவே ‘ரை’ என்ற தானியத்தின் மாவும் மக்காச்சோள மாவும் கலந்து ஆவியில் வேகவைத்த கரிய ரொட்டி. சனி இரவு சூடாகச் சாப்பிட்டு, மிச்சத்தை ஞாயிறு காலையில் சாப்பிட்டுத் தேவாலயம் போவார்கள். ஆவியில் வெந்த பண்டம் சீனப் பிள்ளைக்குப் புதிதில்லை. தெரியாத மேஜையில் தெரிந்த ஒன்று அப்படி எங்காவது அகப்பட்டால் அதுதான் முதலில் தொண்டைக்குள் இறங்கும்.

கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் பார்ட்லெட் குடும்பம் இருந்தது. வீட்டுத் தலைவர் காதுகேளாதோர் பள்ளியில் ஆசிரியர். லியாங் துன்யென், ஹுவாங் காய்ஜியா முதலிய பையன்கள் அந்த வீட்டில் வளர்ந்தார்கள். ஜான் தியன்யூ வெஸ்ட் ஹேவனில் லூதர் நார்த்ராப் என்ற பள்ளித் தலைமையாசிரியர் வீட்டில் இருந்தான். இரண்டு மூன்று ஆண்டுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினார்கள். சடையைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு பேஸ்பால் ஆடினார்கள். தங்கள் அணிக்கு ‘ஓரியண்டல்ஸ்’ என்று பெயரும் வைத்தார்கள்.

சீன மொழியை அவர்கள் விட்டுவிடக் கூடாது என்பது அரசின் எதிர்பார்ப்பு. ஹார்ட்ஃபோர்டின் காலின்ஸ் தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. 75 பிள்ளைகள் ஒரே நேரத்தில் தங்கலாம். பாட அறை, படுக்கை அறைகளோடு சாப்பாட்டுக் கூடமும் பெரிய சமையலறையும் உண்டு. பிள்ளைகள் முறைவைத்து அங்கே வந்து சீன மொழியும் பழைய நூல்களும் படித்தார்கள். அமெரிக்க மண்ணில் அவர்களுக்காகக் கட்டிவைத்த சீன வீடு அது. அங்கே முறை முடிந்ததும் பார்ட்லெட் வீட்டுக்கும் நார்த்ராப் வீட்டுக்கும் திரும்பிப் போவார்கள். எது வீடு, எது விடுதி என்ற இடம் பையன்கள் மனதில் மாறிவிட்டது.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் இருந்து இன்னொரு சிறு கூட்டமும் வந்திருந்தது. 1871 டிசம்பரில் ஜப்பானிய அரசின் இவாகுரா தூதுக்குழுவோடு ஐந்து பெண் பிள்ளைகள் யோகோஹாமாவில் கப்பல் ஏறினார்கள். பத்தாண்டு படித்துத் திரும்பி ஜப்பானியப் பெண்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று பேரரசியே நேரில் சொல்லி அனுப்பினார். மூத்தவர்கள் இருவருக்கு வயது பதினான்கு. இளையவள் ட்சுடா உமேகோவுக்கு ஆறு. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவள் தாய் புறப்படும்போது பெயரையே மாற்றினார். ‘சுதெமாட்சு’ என்ற புதுப் பெயரின் முதல் பாதிக்குக் கைவிடுதல் என்று பொருள். மறுபாதி எழுத்து பைன் மரத்தைக் குறிக்கும். அதன் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் காத்திருத்தல் என்றும் பொருள். விட்டுவிட்டேன், ஆனாலும் காத்திருப்பேன் என்று அந்தத் தாய் சொல்ல நினைத்ததெல்லாம் ஒரு பெயருக்குள் அடங்கிவிட்டது.

அவர்கள் போன நேரத்தைக் கவனிக்க வேண்டும். பௌத்த மரபின் தாக்கத்தால் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக மாட்டிறைச்சிக்கு விலக்கு இருந்தது. 1872இன் தொடக்கத்தில், பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி அரண்மனையிலிருந்து நாட்டுக்கே அறிவிக்கப்பட்டது. அதே வாரங்களில் இந்தப் பெண் பிள்ளைகள் பனியில் மாட்டிய ரயிலில் அமெரிக்காவைக் கடந்துகொண்டிருந்தார்கள். மேலைநாட்டாரின் வாடை என்று ஜப்பானியர் நினைத்தது வெண்ணெய் வாடையைத்தான். வெளிநாட்டுத்தனம் மிகுந்தவர்களைக் குறிக்க ‘பாட்டா-குசாய்’, அதாவது வெண்ணெய் நாற்றம் அடிப்பவர் என்ற சொல்லே அந்த மொழியில் உருவாகிவிட்டது. அந்த வெண்ணெய் உள்ள மேஜைக்கு ஆறு வயதுப் பிள்ளை அனுப்பப்பட்டாள்.

மூத்த பெண்கள் இருவரும் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். உமேகோவை வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் இருந்த சார்லஸ் லான்மன், அடலின் லான்மன் தம்பதி ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சுதெமாட்சு நியூ ஹேவனில் போதகர் லெனர்ட் பேக்கனின் பெரிய குடும்பத்தில் சேர்ந்தாள். அந்த வீட்டின் கடைசி மகள் ஆலிஸ் அவளைவிட இரண்டு வயது மூத்தவள். இருவரும் உடன்பிறந்தவர்களைப்போல வளர்ந்தார்கள். 1882இல் வாசர் கல்லூரியில் சுதெமாட்சு பட்டம் பெற்றார். ஜப்பானியப் பெண்களில் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

சீனப் பிள்ளைகளுக்குத் திட்டமிட்ட பதினைந்து ஆண்டுகள் கிடைக்கவில்லை. பையன்கள் சடையை வெட்டுகிறார்கள், தேவாலயம் போகிறார்கள், பெரியவர்களைப் பணிவதில்லை, சீனம் மறக்கிறார்கள் என்று மேற்பார்வைக்கு வந்த வூ ஸிடெங் ஊருக்கு எழுதினார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியிலும் கடற்படைப் பள்ளியிலும் சேர்க்க அமெரிக்க அரசு மறுத்தது சீனத் தரப்புக்குப் பெரிய அவமதிப்பாகப் பட்டது. கலிஃபோர்னியாவில் சீனத் தொழிலாளருக்கு எதிரான வெறுப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. ஹார்ட்ஃபோர்டின் போதகர் ஜோசஃப் ட்விச்செலும் அவருடைய நண்பர் மார்க் ட்வைனும் முன்னாள் குடியரசுத் தலைவர் கிரான்ட்டிடம் போய் முறையிட்டார்கள். கிரான்ட் லி ஹோங்ஜாங்குக்குக் கடிதம் எழுதினார். கொஞ்ச காலம் தள்ளிப்போயிற்று. 1881இல் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியிருந்தவர்கள் இரண்டே பேர். ஜான் தியன்யூ அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகைக்குச் சட்டத்தால் கதவை அடைத்தது.

வீடு திரும்பியது என்னவோ உண்மை. ஷாங்காயில் கப்பல் நின்றபோது வரவேற்க உறவினர் கூட்டம் இல்லை. காவலோடு கொண்டுபோய்ப் பழைய கட்டடம் ஒன்றில் அடைத்துவைத்தார்கள். ஹுவாங் காய்ஜியா 1882 ஜனவரியில் அந்த அனுபவத்தை ஒன்றுவிடாமல் கடிதமாக எழுதினார். ஈரம் கசியும் தரையையும் காவலையும் யாரிடம் சொல்லி ஆறுவது? ஹார்ட்ஃபோர்டில் இருந்த பார்ட்லெட் அம்மாளிடம்தான் சொன்னார்.

லியாங் துன்யென் பிற்காலத்தில் சீனாவின் அயலுறவு அமைச்சரானார். ஜான் தியன்யூ 1905இல் தொடங்கி 1909இல் முடித்த பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ ரயில் பாதை, வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றிச் சீனர்களே அமைத்த முதல் பெரிய பாதை. சுமார் 200 கிலோமீட்டர். யான் ஃபூ லீ மறுபடி அமெரிக்காவுக்கு வந்து 1887இல் யேலில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வெளிவந்த அவர் புத்தகத்தில் பன்னிரண்டு அத்தியாயங்கள்; அவற்றில் ஒன்று முழுக்கச் சீனச் சமையல் பற்றியது. சீனர்கள் எலியும் பூனையும் தின்பவர்கள் என்ற பேச்சு அமெரிக்காவில் உலவிய காலம் அது. அந்த நாட்டு மேஜையில் வளர்ந்த பிள்ளை, தன் தாய்நாட்டு மேஜையில் உண்மையில் என்ன இருக்கும் என்பதை அமெரிக்கச் சிறுவர்களுக்கு எடுத்துச் சொன்னார். இதை அவர்களுக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

ஆலிஸ் பேக்கன் கதையை மறுபுறமாகத் திருப்பினார். 1888இல் தானே தோக்கியோ போய், உயர்குடிப் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தபடி ஜப்பானியப் பெண்களோடு ஒரே வீட்டில் ஓராண்டு வாழ்ந்தார். அப்போது வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1893இல் நூலாக்கினார். நியூ ஹேவனில் சுதெமாட்சு விருந்தாளியாக இருந்த இடத்தில், தோக்கியோவில் ஆலிஸ் இருந்தார்.

‘ஹோம்ஸ்டே’ ஓர் ஏற்பாடாக உலகத்துக்கு வந்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின். 1932இல் டொனால்டு வாட் என்ற அமெரிக்கர் பல நாட்டு இளைஞர்களைச் சுவிட்சர்லாந்தில் ஒரு முகாமில் சேர்த்தார். அந்தந்த நாட்டார் அந்தந்த நாட்டாரோடே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அடுத்து அவர்களைக் குடும்பங்களில் தங்கவைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் பேர்ட்சி நார்த்ராப் சொன்ன அதே யோசனை. இரண்டாம் உலகப் போருக்குப்பின், போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களின் அமைப்பான ‘ஏ.எஃப்.எஸ்.’ 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 பள்ளி மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களுக்கு அழைத்துவந்தது.

உமேகோ ஊர் திரும்பியது 1882 நவம்பரில். அப்போது வயது பதினேழு. ஜப்பானிய மொழி முற்றிலும் மறந்துபோயிருந்தது. பெற்ற தாயோடு பேச இடையில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தரையில் மடித்து உட்காரக் கால் இசையவில்லை. பிறந்த வீட்டில் எல்லாவற்றையும் அந்நியரைப்போல முதலிலிருந்து பழகினார். பகல் முழுவதும் பேச ஆளில்லாத பேச்சையெல்லாம் ஜார்ஜ்டவுனில் இருந்த அடலின் லான்மனுக்கு எழுதினார். ஓராண்டு ஈராண்டு இல்லை. அடலின் இருந்தவரை பல பத்தாண்டுகள் எழுதினார்.

1900இல் உமேகோ தோக்கியோவில் பெண்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். ஆலிஸ் பேக்கன் கடல் கடந்து வந்து அதில் கற்பித்தார். சுதெமாட்சு துணை நின்றார். அந்தப் பள்ளிதான் இன்றைய ட்சுடா பல்கலைக்கழகம். 2024 ஜூலையில் வெளியான ஐயாயிரம் யென் நோட்டில் உமேகோவின் முகம் இருக்கிறது. 1984இல் அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் பரணில் ஒரு பழைய பெட்டி அகப்பட்டது. திறந்து பார்த்தபோது உள்ளே நூற்றுக்கணக்கான கடிதங்கள். ஆறு வயதில் வந்த தன்னை ஏற்று வளர்த்த லான்மன் அம்மாளுக்கு உமேகோ தன் கைப்பட எழுதியவை அவை.